என் சோற்றுப் பானை போன இடம்

அறுபதுகளில் ஒரு கோடை. எங்கள் ஊர் பல்லேபொல வயல்களுக்குத் தண்ணீர் திருப்ப அணையை அடைத்தால் கீழே மீன்கள் செத்துவிடும் என்றார், ஆற்றை ஆராயக் கண்டியிலிருந்து வந்தவர். "மீனுக்கா நாங்க வயல் செய்றோம்?" என்று கூட்டத்தில் கத்திவிட்டு வந்தார் என் கணவர். கோபத்தில் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் அணையை அடைத்தார்கள். மாலையில் உலை வைக்கப் போனால் என் பானையைக் காணோம். அதைத் தூக்கிக்கொண்டு என் கணவர் ஆற்றுப் பக்கம் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தேடி ஆற்றுக்கே போனேன்.

வற்றிய குட்டைகளில் சிக்கிய மீன்களை என் பானையில் அள்ளி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள் அவரும் கண்டிக்காரரும். வாய்ச்சண்டை மட்டும் ஓயவில்லை.

"தண்ணி எங்களுக்குத்தான்!" என்று கத்திய என் கணவர், பானையைச் சரிக்கும்போது குரலைத் தணித்தார்.

"மெதுவா ஊத்துங்க சேர். பயந்துபோய் இருக்குதுங்க."