பின்னால் வைத்த கால்

ஒரு மனிதனின் பாரத்தை இரண்டு உள்ளங்கைகளில் வாங்குவது, பிசியோதெரபி செய்யும் என் தொழிலில் அன்றாட வேலை. முதியவரைப் பின்னால் சாயச் சொல்லி, முதுகில் கைகொடுத்துத் தாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் கையை விலக்கிவிடுவேன். விழப்போகும் உடல் தானாக ஒரு காலைப் பின்னால் வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிடிக்க என் கை அங்கேயே இருக்கும். எத்தனையோ முதுகுகள். யாழ்ப்பாணத்துக் குருநகர்ச் சம்மாட்டியாரின் முதுகு மட்டும் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

சொந்த வள்ளத்தில் ஆள் வைத்துக் கடற்றொழில் செய்தவர் என்பதால் அவர் சம்மாட்டியார். கோயில் வாசலில் ஒருமுறை, கிணற்றடியில் ஒருமுறை மல்லாக்க விழுந்து மண்டையை உடைத்திருந்தார். வள்ளம் இப்போது மகனுடையது. ஆனாலும் இடைக்கிடையாவது கடலுக்குப் போகாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. விழுந்த பிறகு மகன் மறித்துவிட்டான். “மிஸ் ஓமெண்டு சொன்னால் வள்ளத்திலை ஏத்துறன் எண்டு சொல்லிக் கூட்டியந்தனான். நான் சொல்லி அப்பா கேக்கமாட்டார். அவருக்கு நான் இப்பவும் சின்னப் பெடியன்” என்றான்.

கால்களை ஒட்டி, கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். அசையாமல் நின்றார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு பின்னால் சாயவிட்டுக் கையை எடுத்தேன். முழங்கால் கொஞ்சம் மடங்கியது, கைகள் விரிந்தன, பாதம் இருந்த இடத்திலேயே இருந்தது. அடிமரம் சாய்வதுபோல முழு மனிதரும் என்மேல் வந்து விழுந்தார்.

“ஐயா, ஒரு காலைப் பின்னாலை எடுத்து வையுங்கோ.”

“என்ன விசர்க்கதை பிள்ளை? வள்ளம் ஆடேக்கை காலைத் தூக்கினவன் தண்ணிக்குள்ளை. சின்னனிலை நான் தூக்கினதுக்கு அப்பர் துடுப்பாலை போட்டவர்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வள்ளம் ஆடும்போது பாதத்தைப் பலகையில் ஊன்றி, ஆட்டத்தை முழங்காலால் வாங்க வேண்டும். பின்னால் கால் வைக்க அங்கே இடமில்லை. முழங்காலில் வலு இருந்தவரை அந்தப் பழக்கம் அவரைக் காத்தது. இப்போது வலு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கிணற்றடியில் அவரை விழுத்தியதும் அதுதான்.

யானைக்கும் அடி சறுக்கும் ஐயா என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். “யானை வள்ளத்திலை ஏறாது” என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பகலெல்லாம் வீட்டில் தனியே இருப்பவர். இன்னொருமுறை விழுந்தால் எழும்பமாட்டார். அதனால் ஒளிக்காமல் சொன்னேன்: கால் வைக்கப் பழகினால் தரையில் விழமாட்டீர்கள், ஆனால் இந்த முழங்கால் இனிக் கடலைத் தாங்காது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார்.

பல கிழமைகள் கழித்து ஒரு நாள் நான் கையை விட்டதும் அவருடைய வலது கால் தானாகப் பின்னால் போய் ஊன்றியது. சம்மாட்டியார் விழாமல் நின்றார். “பாத்தீங்களே அப்பா, விழேல்லை!” என்று மகன் கைதட்டினான்.

அவர் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வள்ளத்திலை எண்டால் நான் இப்ப கடலுக்குள்ளை, பிள்ளை” என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “இனி உன்னைக் கேக்கமாட்டன், தம்பி. நீ கடலுக்குப் போட்டு வா” என்றார்.

அதற்குப் பிறகு அவர் விழவில்லை. வீட்டோடு இருக்கிறார், சாப்பாடு குறைவு என்று மகன் சொல்கிறான். என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

இன்று காலையும் ஒரு முதியவரின் முதுகைத் தாங்கிக் கையை விட்டேன். அவர் கால் ஒழுங்காகப் பின்னால் போனது. “நல்லது ஐயா” என்றேன். அன்றைக்குச் சம்மாட்டியாரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.