அம்மா சத்தம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பில் ஒரு கால் அப்பாவுக்கு, இன்னொன்று எனக்கு. யாரும் சட்டம் போட்டதில்லை. எனக்குப் பல் முளைத்ததிலிருந்து அப்படித்தான். எனக்குப் பத்து வயதான அந்த வருடம் என் கால் மல்லிகாவின் தட்டுக்குப் போனது.

“பால் குடுக்கிற பொண்ணு, அவ சாப்பிடட்டும்” என்றாள் அம்மா. எனக்குக் கழுத்துத் துண்டு விழுந்தது.

எழுபதுகளின் தொடக்கம். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பா மின்சார ரயிலில் கோட்டைக்குப் போய்வரும் குமாஸ்தா. அம்மா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். பள்ளிக்கரணைப் பக்கம் இருந்த ஓர் இல்லத்துக்கு எங்கள் சபையின் பெண்கள் சங்கம் உதவி வந்தது. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட சின்னப் பெண்கள் அங்கே இருந்தார்கள். சங்கத்து அம்மாக்கள் ஆளுக்கு ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் ஏற்றுக்கொண்டு, மாதாமாதம் பாலுக்கும் துணிக்கும் கொடுத்துவர வேண்டும். இஷ்டப்பட்டால் ஞாயிறன்று வீட்டுக்கு அழைத்துவந்து சாப்பாடும் போடலாம். மற்றவர்கள் பணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். என் அம்மாதான் இஷ்டப்பட்டாள்.

மல்லிகா பம்மல்காரி. தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்த அவள் அப்பா, விஷயம் தெரிந்த அன்றே அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். தாம்பரம் ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தவளை யாரோ இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். இதையெல்லாம் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, அந்த அக்காவுக்கு வீடு இல்லை என்பது மட்டும்தான். வீடு இல்லையென்றால் என் வீட்டுக்குத்தான் வரவேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஒரு குழந்தைக்கு அம்மா என்றால் சேலையும் கொண்டையுமாக ஒரு பெரிய மனுஷியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவள் தாவணிக்காரி. வயது பதினாறு. எங்கள் வாசலில் நான் கிழித்து வைத்திருந்த பாண்டிக் கட்டத்தைப் பார்த்ததும் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, “நானும் ஆடட்டா பாப்பா?” என்று கேட்டு, ஒற்றைக் காலில் தாவ ஆரம்பித்தாள். என்னைவிட நன்றாக ஆடினாள். குழந்தை அழுதது. தூக்கிய காலோடு ஒரு கணம் நின்று, சில்லைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், ஓடிப்போனாள். ஆட்டம் எனக்குத்தான் ஜெயம் என்று அறிவித்தேன். கேட்க யாரும் இல்லை.

சாப்பிட்ட பிறகு அம்மா அவளை முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். ஞாயிறு மத்தியானம் அந்த இடம் என்னுடையது. முதல் வாரம் அவள் ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டாள். சில வாரங்களில் ‘டீச்சர்’ உதிர்ந்துவிட்டது. என் அம்மாவை ‘அம்மா’ என்று இன்னொருத்தி கூப்பிடுவதும், என் அம்மா ‘என்னடி’ என்று திரும்புவதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிறன்று எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சங்கத்துக் காரியதரிசி அம்மாள் இறங்கினார். கூடவே, அடையாறிலிருந்து பிள்ளை இல்லாத ஒரு கணவன் மனைவி. மனைவியின் கையில் குழந்தைக்கென்று கம்பளித் தொப்பி இருந்தது.

“டீச்சர், கர்த்தர் வழி திறந்திருக்கார். பிள்ளைய இவங்க எடுத்துக்கிறாங்க. நல்ல இடம். பொண்ணும் தலைமுழுகிட்டு வேற ஊருக்குப் போய்ப் பிழைச்சுக்கலாம்.”

எனக்கு உலகமே வெளிச்சமானது. குழந்தை போனால் மல்லிகாவும் போவாள். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மல்லிகாவுக்கு எதுவும் தெரியாது. பாயில் கிடந்த குழந்தையின் மூக்கைத் துடைத்து, என் பவுடரை அள்ளிப் பூசி, தூக்கிக்கொண்டு போய் அடையாறு அம்மாளிடம் நீட்டினேன்.

“ரொம்ப சமத்து ஆன்ட்டி. அழவே மாட்டான்.”

அவர் தொப்பியை மாட்டிவிட்டார். துரோகி, சிரித்தான்.

மல்லிகா ஈரக்கையோடு வந்து நின்றாள். காரியதரிசி அம்மாள் அவளுக்கும் விஷயத்தைச் சொன்னார். மல்லிகா அழவில்லை, பிடுங்கவும் இல்லை. கையை மட்டும் நீட்டினாள்.

“குடுத்துடுங்கம்மா. டேசன்ல படுத்துகினு கெடந்தப்போ வயித்துக்குள்ள எங்கூட இருந்தது இவன் ஒருத்தன்தான். இவன எப்பிடிக் குடுப்பேன்?”

“பதினாறு வயசுல உனக்கு என்ன தெரியும்? மாட்டேன்னா சங்கம் இனிமே உனக்கு ஒண்ணும் செய்யாது” என்றார் காரியதரிசி அம்மாள்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். வகுப்பில்கூடக் குரலை உயர்த்தாதவள் என்று பெயரெடுத்தவள். ஏரிக்கரையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

“செய்ய வேண்டாம்! நான் செஞ்சுக்கிறேன். அவ சரின்னு சொன்னா நானே தூக்கிக் குடுப்பேன். வேண்டாங்கறா. என் வீட்டுக்குள்ள நின்னு அவ பிள்ளைய யாரும் அவகிட்டேருந்து பறிக்க முடியாது!”

அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். அடையாறு அம்மாள்தான் முதலில் அசைந்தார். கண்கள் கலங்க, குழந்தையை மல்லிகாவின் கையில் தானே கொடுத்தார். தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

சங்கம் சொன்னபடி கைவிட்டது. அம்மா தன் சம்பளத்திலிருந்து கொடுத்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பட்டுப்பாவாடை இல்லை. அடுத்த வருடம் பள்ளி விடுதிச் சமையலறையில் மல்லிகாவுக்கு வேலையும் தங்க ஓர் அறையும் வாங்கிக் கொடுத்தாள். பையன் அங்கேயே வளர்ந்து, அதே பள்ளியில் படித்து, இன்று ரயில்வேயில் இருக்கிறான். மல்லிகாவை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போதென்று எனக்கே தெரியாது.

ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம் என் மனதில் நின்றது ஒன்றுதான். கணக்கு வாத்தியார் என்னை வெயிலில் முட்டிபோட வைத்தபோது, “நீ என்ன சேட்டை பண்ணே?” என்று கேட்டவள் என் அம்மா. இன்று யாரோ ஒருத்திக்காகக் காரில் வந்தவர்களையே எதிர்த்து நின்றிருக்கிறாள்.

மல்லிகாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“எனக்காகவும் இப்படிச் சண்டை போடுவியாம்மா?”

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“உனக்காக நான் அப்படிச் சண்டை போடுற நாள் வரவே கூடாதுடி, தங்கம்.”

மாட்டேன் என்கிறாள் என்றுதான் எனக்குப் புரிந்தது. கையை உதறிவிட்டு உள்ளே போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.