தரிசனம் முடித்தவர் என்று ஒட்டிய நோட்டீஸ்

குளோரின் வாசனையும் மிளகாய் பஜ்ஜி வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்...

ரேணிகுண்டா ரோட்டில் ஒரு வாட்டர் பார்க். என் முதல் வேலை அங்கேதான். நாகலாபுரத்திலிருந்து தினமும் பஸ். தமிழிலும் தெலுங்கிலும் மைக்கில் அறிவிப்பு சொல்ல வேண்டும். "அலை வரப்போகிறது, குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்..." என் குரலை நானே ரசித்த காலம் அது!

மலையில் முடி இறக்கிவிட்டு, தலையில் சந்தனம் காய்வதற்குள் கூட்டம் இங்கே வந்து குதிக்கும். மைக் ரூம் ஜன்னலில் பார்த்தால் வேவ் பூல் முழுக்க மொட்டைகள்தான்.

அன்று ஒருவர் அந்தத் தண்ணீரிலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஆழமான பக்கத்தில் லைஃப்கார்டு உட்காரும் நாற்காலி காலி. மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தேன், ஆள் வரவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்களே அவரைத் தூக்கிக் கரையில் போட்டார்கள்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் மேனேஜர் ஓடி வந்தார். "டெக்னிக்கல் ப்ராப்ளம், வேவ் பூல் மூடியாச்சுன்னு சொல்லும்மா. பாட்டு சவுண்டை ஏத்து."

மற்ற சறுக்குகள் எதுவும் நிற்கவில்லை.

மறுநாள் டிக்கெட் கவுண்டரில் ஒரு நோட்டீஸ், தெலுங்கில் மட்டும். அதே வரிகள் லோக்கல் டிவியிலும் ஓடின. எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. கக்கூஸுக்குக்கூடத் தமிழில் போர்டு வைக்கிற கம்பெனி, இதற்கு மட்டும் தமிழை எங்கே தொலைத்தது?

மதியம் இறந்தவரின் மனைவி வந்தார். அரக்கோணம் பக்கம். இடுப்பில் பெண் குழந்தை. லாக்கரிலிருந்த பையை வாங்கிப் போக வந்தவர், நோட்டீஸ் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா எழுதிக்கிது? எங்க ஊட்டுக்காரரப் பத்தியா?"

தமிழில் படித்துச் சொன்னேன். நடந்தே மலையேறித் தரிசனம் முடித்து, ஓய்வெடுக்காமல் வந்த பக்தராம். களைப்பில் மாரடைப்பாம். ஆழ்ந்த இரங்கலாம்.

அவர் அழவில்லை. கண்ணை மறைத்துக்கொண்டிருந்த குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டார்.

"மலைக்கு நாங்க இன்னும் போவவே இல்லியேம்மா! இன்னிக்குத்தான் போறதா இருந்தோம். பாப்பாவுக்கு மொத மொட்ட. பாரு, முடி அப்டியே கீது. அவரும் மொட்ட போட்டுக்கறேன்னு வேண்டிக்கினு இருந்தாரு..."

எனக்குப் பகீரென்றது. தமிழ்க் குடும்பம் என்றால் மலையிலிருந்து இறங்கித்தான் வந்திருக்கும் என்று ஆபீஸில் உட்கார்ந்தபடியே முடிவு கட்டிவிட்டார்கள். செத்தவர் தலை நிறைய முடி இருந்ததை ஒருத்தர் கண்ணாவது பார்த்திருக்க வேண்டாமா?

காலி நாற்காலியைப் பற்றி அந்த அக்காவிடம் சொன்னேன். போலீஸிடமும் சொன்னேன். மேனேஜரிடம் போய், "அவரு மலைக்கே போகல சார், நோட்டீஸ மாத்துங்க" என்றேன்.

"நீக்கெந்துக்கம்மா?" என்றார். உனக்கெதற்கு இதெல்லாம் என்று அர்த்தம்.

நோட்டீஸ் மாறவில்லை. ஆனால் குளத்தோரம் புது நாற்காலிகள் வந்தன, விசிலோடு ஆட்களும் வந்தார்கள். மாரடைப்புக்கு எதுக்குய்யா நாற்காலி? அந்த மாதமே என் வேலையும் போனது. போகட்டும், சனியன்.

இப்போதெல்லாம் இரங்கல் போனிலேயே வந்துவிடுகிறது. கறுப்புப் படம், ஒரு விளக்கு, 'எங்கள் பிரார்த்தனைகள்'... கமென்ட் ஆஃப். அன்றைக்குக் கிழித்தெறியவாவது ஒரு காகிதம் இருந்தது. எந்த ஊர் பார்க்கிலாவது 'உடல்நலக் குறைவால்' என்று போட்டால், அங்கே எந்த நாற்காலி காலியாக இருந்ததோ என்றுதான் எனக்குத் தோன்றும். உங்களுக்கு எப்படியோ, நான் நம்புவதில்லை.

போன வாரம் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். பாப்பா ஹைஸ்கூல் யூனிஃபார்மில், இடுப்பைத் தாண்டிய ரெட்டை ஜடையோடு நின்றாள்.

"இன்னுமா மலைக்குப் போகல?" என்றேன்.

"டிவில வந்ததத்தான் அல்லாரும் நம்பிக்கினு கீறாங்க. சாமியப் பாத்துட்டுத்தானே போனாரு, குடுத்து வெச்சவருன்னு என்கிட்டயே சொல்றாங்க."

மகளின் ஜடையை எடுத்து முன்னால் விட்டார்.

"இந்த முடியையும் எடுத்துட்டா, அது பொய்யின்னு நான் எதக் காட்டிம்மா சொல்லுவேன்?"