குப்புராஜுக்கு ஒன்று கம்மி

பம்மல் மார்க்கெட்டில் கங்கையம்மாள் கறிக்கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கத்தியும் வாயும் அவளுக்கு ஒரே வேகம். ஞாயிற்றுக்கிழமை வெட்டும் முதல் ஆட்டின் இரண்டு குண்டிக்காயில், அதாவது கிட்னியில், ஒன்றை விற்பாள். மற்றது தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் புருஷன் குப்புராஜுக்கு. மிளகு தூக்கலாக வறுத்துப் போடுவாள்.

1992இல் குப்புராஜுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தாம்பரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். வலி வெறும் சுளுக்குதானாம். ஆனால் இடது சிறுநீரகத்தையே காணோம் என்றார் டாக்டர். சிலருக்குப் பிறவியிலேயே ஒன்றுதான், அது சற்றுப் பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்றார். அதெல்லாம் கங்கையம்மாள் காதில் ஏறினால்தானே! கிட்னி விற்றவர்கள் கதை ஊரெல்லாம் அடிபட்ட காலம் அது. ஆறு வருஷம் முன்பு குப்புராஜ் குடல்வால் ஆபரேஷன் என்று படுத்திருந்தார். அடுத்த மாதமே அவள் கடைக்குப் புதுக் கூரை போட்டார்.

"என் கடைக்காகவாய்யா வித்துட்ட?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

சீட்டு எடுத்த காசு என்று அவர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. அந்தக் கூரையின் கீழ் இனி எப்படி உட்காருவது என்று விடிய விடிய அழுதாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காமல் முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டைப் பிரித்தாள். குடலைத் தள்ளி, இரைப்பையைத் தள்ளி, கை முழங்கை வரை போன பிறகுதான், முதுகெலும்பை ஒட்டி, கொழுப்புக்குள் புதைந்து கிடந்தது குண்டிக்காய். கத்தி நின்றுவிட்டது. அவர் வயிற்றில் இருப்பதோ தொப்புளுக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத் தழும்பு. அதற்குள் எவன் கையை விட்டு முதுகு வரை போவான்?

வாடிக்கையாளர்களை நிற்க வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். குப்புராஜைக் குப்புறத் தள்ளி, இடது பக்கம் கடைசி விலா எலும்பிலிருந்து இடுப்பு வரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே அவர் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்தாள், அழுதாள். உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

மத்தியானம் தட்டில் இரண்டு குண்டிக்காய் விழுந்தன.

"ரெண்டும் எனக்கா? கஷ்டமருக்கு இன்னாமே பண்ணுவ?"

"அவங்களுக்கெல்லாம் ரெண்டு கீது. நீ துண்ணு."