எனக்கெதுக்கு என்று கேட்ட நான்

நாமக்கல்லில் எனக்கு ஐந்து லாரிகள் ஓடுகின்றன. ஓட்டுநர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் நடத்த ஓர் அறக்கட்டளை உதவி கேட்டபோது, மற்ற முதலாளிகளைவிட நானே அதிகம் கொடுத்தேன். அதனால் முகாமன்று மைக்கும் என் கைக்கு வந்தது.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க. தைரியமா வந்து ரத்தம் குடுங்க" என்றேன். கைதட்டினார்கள். இருபது பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள், பன்னிரண்டு வருடமாக என் வண்டி ஓட்டும் முருகேசன்.

ரத்தம் எடுக்க வந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மொதல்ல உக்காருங்கண்ணா. அவங்களுக்கும் பயம் போகும்."

"எனக்கெதுக்கும்மா? நான் குடும்பஸ்தன்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

முருகேசன் மடித்திருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார். "அப்ப எங்களுக்கெல்லாம் குடும்பம் இல்லீங்களா, மொதலாளி?"

அவர் நகர்ந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக எல்லோரும் போய்விட்டார்கள்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "பரவால்லீங்கண்ணா, மறுபடி வாரோம்" என்று பெட்டியை மூடப் போனார். நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். பார்க்கத்தான் அங்கே ஒரு ஓட்டுநரும் இல்லை.

அசாம் லோடு இறக்கிவிட்டு முருகேசன் திரும்பியதும் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க மொதலாளி. ஆஸ்பத்திரில நானே பாத்துக்கறனுங்க" என்றார்.

போனாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதியை அன்றைக்கே இழந்துவிட்டேன்.