பின் இருக்கையில் ஒரு முதலாளி

நான் பழைய போர் விமானங்களை வரைகிறவன். முதல் உலகப்போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானங்கள், சுருட்டு மாதிரி நீண்ட ஆகாயக் கப்பல்கள், இவைதான் என் சரக்கு. தென்காசியில் இதற்கு என்ன மதிப்பு என்று கேட்கக் கூடாது. கல்யாண வீட்டில் "ஏரோப்ளேன் படம் போடுத அண்ணாச்சி" என்று யாராவது அறிமுகப்படுத்துவார்கள். கேட்டவர் உடனே தன் மகன் துபாய்க்குப் போன கதையை ஆரம்பித்துவிடுவார்.

ஐந்தருவிப் பக்கம் புதிதாக லாட்ஜ் கட்டிய ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வரவேற்பறைச் சுவர் முழுக்கப் போர் விமானம் வேண்டுமாம்.

"நானே மிலிட்டரிக்காரன். எனக்குத் தெரியாததா? நீங்க தைரியமா வரைங்க" என்றார்.

பட்டாளத்தில் அவர் காவல் காத்தது அரிசி மூட்டைகளை என்பது பிறகுதான் தெரிந்தது.

சாரல் காலம். ஈரச் சுவரை ஃபேன் வைத்துக் காயவைத்துக் காயவைத்து வரைந்தேன். மேகத்துக்கு மேலே வெள்ளி நிற ஆகாயக் கப்பல். அதற்குக் கீழே இரண்டு பேர் போகும் விமானம். முன்னால் ஓட்டுகிறவன், பின்னால் வாலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரன். சேறும் பச்சையும் குழைந்த அந்தக் காலத்து நிறம் கைகூடியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

முதலாளி வந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எருமை சகதில பொரண்ட கலர்ல இருக்கு? மேல என்னது, வெள்ளரிக்காயா?"

"ஆகாயக் கப்பல்."

"அதுல லாட்ஜ் பேரை எழுதிருங்க. ஓட்டுதவனுக்கு எம் மூஞ்சிய வச்சிருங்க."

"முடியாதுங்க. இதுல போனவனுக்கெல்லாம் இருபது வயசு. பலபேரு திரும்பி வரல."

"நான் திரும்பி வந்துட்டம்லா!"

தூரிகைகளைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சீசன் உச்சத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஃப்ளெக்ஸில் அச்சடித்த முதலாளியின் முகம், மீசையும் சந்தனப் பொட்டுமாக, சுவரில் ஒட்டியிருந்தது. ஓட்டுகிறவனின் கண்ணாடியும் தோல் தொப்பியும் இடைஞ்சல் போலிருக்கிறது. முகத்தைத் துப்பாக்கிக்காரன் கழுத்தில் பொருத்திவிட்டார்கள். விமானம் கிழக்கே பறக்க, முதலாளி மேற்கே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தலையில் எண்ணெய் சொட்ட, ஈரத் துண்டோடு நாலு பேர் அதன் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் முதலாளி ஓடிவந்தார். "பாத்தியளா, நானே ஓட்டுதேன்!"

"அந்தச் சீட்டுல இருந்து ஓட்ட முடியாது. பின்னால வாரவனைச் சுடத்தான் முடியும்" என்றேன், ஆசை தீர.

அவர் சுவரைப் பார்த்தார். முகம் வாடும் என்று காத்திருந்தேன்.

"அது சரிதான அண்ணாச்சி? நம்மூர்ல எவன் முன்னால வந்து குத்துதான்? இதாம்வே கரெக்ட்டான சீட்டு!" என்றவர், எனக்கு டீ சொன்னார்.

அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.