கூரையில்லாத வீட்டுக் கோழி

எங்கள் சபையின் நூற்றாண்டு மலர் அச்சாகி வந்திருக்கிறது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். மணி வாங்கிக் கொடுத்தவருக்குப் படம் உண்டு. வாசல் கதவு செய்து கொடுத்தவருக்கு அரைப் பக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து மின்விசிறி அனுப்பியவருக்கு மனைவி மக்களோடு முழுப் பக்கமே உண்டு. சுகிர்தபாய் அக்காவின் பெயரை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் தேடினேன். கிடைக்கவில்லை. வந்த கோபத்தில் மலரைத் தூக்கி அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாறசாலையிலிருந்து கொல்லயில் பக்கம் நடந்து வந்தால் எங்கள் வேதக் கோயில். சுகிர்தபாய் அக்கா அங்கே பைபிள் உமனாக இருந்தாள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். நோயாளிகளைப் பார்ப்பது, வீடுகளில் ஜெபம் செய்வது, சனிக்கிழமை தோறும் பிடியரிசி சேர்ப்பது, இவையெல்லாம் அவள் வேலை. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் நாங்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவோம். அதுதான் பிடியரிசி. சோற்றுக்கு எடுத்த அரிசி குறைவாக இருந்தாலும் அந்தப் பிடி குறையாது. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மண் குலுக்கை இருந்தது. எல்லா வீட்டு அரிசியும் அதற்குள் போகும். அறைச் சாவி அக்காவின் முந்தானையில் இருக்கும்.

சின்னப் பிள்ளைகளைக் கண்டால் அக்காவுக்குத் தன் வயது மறந்துவிடும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் கோயில் முற்றத்தில் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவள் பலகையும் கேட்கமாட்டாள், பிரம்பும் எடுக்கமாட்டாள். முற்றத்தில் ஆற்று மணலைப் பரப்பி ஒரு கோழியின் கதையை ஆரம்பிப்பாள். அந்தக் கோழிக்கு ஒரு வீடு. இரண்டு பக்கமும் சுவர் உண்டு, தரை உண்டு, கூரை மட்டும் கிடையாது. அதுதான் ப. அந்த வீட்டுக்குள் ஒருத்தன் முதுகை நிமிர்த்திக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் ட. பிள்ளைகள் எல்லோரும் காலை நீட்டி ட-வாக உட்கார வேண்டும். முதுகு வளைந்தவனைக் கோழி கொத்தும், அதாவது அக்கா கிச்சுகிச்சு மூட்டுவாள். பூனை வந்து அதே வீட்டில் வாலைச் சுருட்டிப் படுத்தால் ம. புள்ளிக்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டையை எந்த எழுத்தின் தலையில் வைத்தாலும் அது வாயைப் பாதி மூடிக்கொண்டுதான் பேச வேண்டும்.

எழுத்து என்றால் அகரத்தில் தொடங்க வேண்டும், இவள் கோழியில் தொடங்குகிறாளே என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்தவள்தான். என் மகள் லீலா அப்போது பால்பல்கூட விழாதவள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு சொல்லைத் தொட்டு, "கோழி வீடு, காலை நீட்டினவன், கொட்டை வச்ச பூனை" என்று சொல்லி, பிறகு மூச்சுப் பிடித்து "படம்" என்று வாசித்தாள். அதோடு என் முணுமுணுப்பு நின்றது.

பக்கத்து விளையில், அதாவது அடுத்த தோட்டத்து வீட்டில், மலையாளம் பேசும் அம்மிணி இருந்தாள். அவள் மகன் மோகனனும் அக்காவிடம்தான் வருவான். கோழி வீட்டின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் சுருட்டிவிட்டால் மலையாளத்துப் ப ஆகும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரே கோழிக்கு இரண்டு வீடு, அவ்வளவுதான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் வந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் ஊர்வலம், கொடி, கோஷம். என் வீட்டுக்காரர் ராஜையா அமரவிளைக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் மாட்டுவண்டிக்காரர். வண்டி நுகத்திலேயே கொடி கட்டியவர். ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதன் பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறத் தொடங்கியது. அவர் காளைகளை அவிழ்த்துவிட்டு ஓடிப்போனார். கள்ளிக்காட்டு மலையோரத்தில் ஒளிந்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அவரைப் போல ஓடிப்போன ஆண்கள் எங்கள் சபையில் வேறு சிலரும் உண்டு.

வண்டி நின்றது, வருமானமும் நின்றது. விளையில் இருந்த மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கித் தின்று தீர்த்தோம். பிறகு கருப்பட்டிக் காப்பியை வைத்துப் பொழுதைத் தள்ளினோம். கேட்டால் சபை உதவும். குலுக்கை அரிசி ஏழைகளுக்கும் உரியதுதான். ஆனால் எங்கள் சபையில் ஒரு முறை இருந்தது. குலுக்கையிலிருந்து அரிசி வாங்கிய வீட்டின் பெயரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கணக்கைப் பார்க்கும் டீக்கனார் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் பிடியரிசி போட்ட கை, வாங்குவதற்கு நீளுமா? அதோடு, பெயரை வாசித்தால் அந்த வீட்டில் ஆண் இல்லை என்று போலீசுக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். பட்டினி கிடந்து செத்தாலும் கேட்கமாட்டேன் என்று நான் வைராக்கியமாக இருந்தேன்.

அந்த நாட்களில் கோயில் முக்கில் போலீஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. மழையும் விடவில்லை. பிள்ளைகளை முற்றத்தில் கூட்ட வேண்டாம் என்று டீக்கனார் சுந்தரதாஸ் சொல்லிவிட்டார். அக்கா அவர்களைக் குலுக்கை அறைக்குள் கூட்டிப் போனாள். மணல் இல்லை. குலுக்கையைத் திறந்து, புடைக்கிற சுளவுகளில், அதாவது முறங்களில், அரிசியைப் பரப்பி, அதில் எழுதச் சொன்னாள்.

ஒரு நாள் மத்தியானம் லீலா பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அரிசி.

"இது எங்கெ இருந்து பிள்ளெ? ஆரு தந்தா?"

"ஆரும் தரல்லம்மா. எனக்க எழுத்தாக்கும். எழுதின ஆளு கொண்டு போவணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரிசியையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "எனக்கு தருமம் வேண்டாம்" என்றேன். அக்கா சுளவைப் புடைத்துக்கொண்டே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் உனக்கு ஒண்ணும் தரல்ல செல்லம். அவ எழுதினா, அவ கொண்டு போறா. எழுதின எழுத்தை உலையில போட்டு வேக வச்சு தின்னணும். அப்பத்தான் மறக்காது. கதை அப்பிடியாக்கும்."

"இது என்ன கதை?"

"கோழிக் கதை. உனக்கு வேண்டாமெங்கி பிள்ளைகிட்ட சொல்லு, எழுத வேண்டாம்னு."

லீலாவின் முகத்தைப் பார்த்தேன். எழுத வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். லீலா சோற்றில் ஒவ்வொரு உருண்டையாக எடுத்து, "இது ப, இது ட" என்று சொல்லித் தின்றாள். எனக்கும் ஊட்டிவிட்டாள். நான் தின்றேன். நன்றாகப் பசித்தது, தின்றேன்.

சொல் நீளமானால் அரிசியும் கூடும் என்பதை லீலா வாயிலிருந்துதான் அறிந்தேன். படம் எழுதினால் ஒரு பிடி. பட்டாம்பூச்சி எழுதினால் பாவாடை கொள்ளாது. என் மகளுக்கு அடிக்கடி பட்டாம்பூச்சி கிடைத்தது. கெட்டிக்காரி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் லீலாவைக் கூட்டிவரப் போனேன். குலுக்கை அறைக்குள் அம்மிணியின் குரல் உயர்ந்து கேட்டது. மோகனன் தேம்பிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டில பட்டினியாணுன்னு இவன் எல்லாருக்க முன்னாடியும் சொன்னானாம்! காலத்தெ எழும்பினதும் புட்டும் பழமும் தின்னவனாக்கும் அக்கா! எனிக்கு எத்தற நாணக்கேடு!"

"எனக்கும் பட்டாம்பூச்சி வேணும்" என்று மோகனன் அழுதான்.

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு அம்மிணியை ஓரமாக இழுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அக்காவின் தாழ்ந்த குரல் கோயில் மணிக்குக் குறைந்ததில்லை. வாசலில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

"தினமும் கதையில நான் ஒண்ணு கேக்குவேன் அம்மிணி. கூரையில்லாத வீட்டுக் கோழி நேற்று என்ன தின்னிச்சுன்னு. பிள்ளைகளுக்கு வேற என்ன தெரியும்? தங்களுக்க வீட்டு அடுப்பைச் சொல்லும். சோறுன்னு சொன்ன பிள்ளைக்கு படம். காப்பின்னு சொன்ன பிள்ளைக்கு பட்டம். ஒண்ணும் இல்லன்னு சொன்ன பிள்ளைக்கு பட்டாம்பூச்சி. ஆணுங்க இல்லாத வீடுகள். கேக்கவும் மாட்டாளுக, குடுத்தா வாங்கவும் மாட்டாளுக. உனக்க பயல் சூத்திரத்தைக் கண்டுபிடிச்சிட்டான்."

நான் உள்ளே போகவில்லை. மதிலோரம் போய் நின்றேன். முதலில் வெட்கம் வந்தது, பிறகு கோபம் வந்தது, இரண்டும் தீர்ந்த பிறகு அழுகை வந்தது. என் வீட்டு அடுப்பை ஒரு கோழியை வைத்து எட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை என்னிடம்கூடச் சொல்லாமல் எங்களைக் காப்பாற்றியிருக்கிறாள். மறுநாள் அம்மிணி ஒரு பாத்திரம் நிறைய அரிசியோடு கோயில் பக்கம் போவதைப் பார்த்தேன். பிள்ளை எழுதுகிறதுக்கு என்று அவளாகவே எனக்கு விளக்கம் சொன்னாள்.

ஆனாலும் குலுக்கை இறங்கிக்கொண்டே போனது. டீக்கனார் கண்ணுக்குத் தப்புமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையை இருக்கச் சொன்னார்.

"குலுக்கையில பாதி கூட இல்ல. அரிசி எங்கெ போச்சு சுகிர்தம்?"

"பிள்ளைகள் எழுதித் தீர்ந்துபோச்சு டீக்கனாரே."

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"எழுதினா அரிசி தீருமா? ஆருக்காவது குடுத்திருந்தா பேரைச் சொல்லு. வாசிச்சிட்டு முடிப்போம். குடுத்தது தப்புன்னு நான் சொல்லல்ல. முறைன்னு ஒண்ணு உண்டு."

அக்காவின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. பெயரைச் சொன்னால் அத்தனை வீடும் வெட்கப்பட வேண்டும், ஒளிந்திருக்கும் ஆண்களுக்கும் ஆபத்து. சொல்லாவிட்டால் அவளுக்கு வேலை போகும். வேலை போனால் பிள்ளைகளுக்கு அந்த அறை போகும். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். டீக்கனார் கையை நீட்டினார்.

"அப்பிடியெங்கி சாவியைத் தா."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நான் எழுந்துவிட்டேன்.

"சாவி அங்கெயே இருக்கட்டு டீக்கனாரே. அரிசி எனக்க வீட்டிலயாக்கும் வெந்தது. எனக்க பேரை வாசியும். செல்லபாய், ராஜையாவுக்க பெண்டாட்டி. அவரு வீட்டில இல்ல. எங்கெண்ணு எனக்குத் தெரியாது. போலீசு வந்து கேட்டாலும் இதுதான் பதில்."

நான் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் சத்தியபாய் எழுந்தாள், அவள் வீட்டுக்காரரும் ஓடிப்போனவர். "எனக்க பேரும் உண்டு" என்றாள். அவளுக்கு அப்பால் ஒருத்தி, பிறகு மூலையில் கைப்பிள்ளையோடு ஒருத்தி. டீக்கனார் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் அல்ல. முறையைக் கட்டிக்கொண்டு நின்றவர்.

"இத்தனை வீடா?" என்று மெதுவாகக் கேட்டார். பீடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "முடிச்சைப் போடு சுகிர்தம். இனி இந்தச் சபையில பேரு வாசிக்க வேண்டாம்" என்றார். அன்றோடு அந்த முறை ஒழிந்தது. அடுத்த சனிக்கிழமை டீக்கனார் வீட்டுப் பிடியரிசிக் கலயம் விளிம்பு தட்டி வந்தது. இதுவும் நூற்றாண்டு மலரில் இல்லை.

பிற்பாடு எல்லை போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றோம். ராஜையாவுக்கு அந்த வருத்தம் சாகும்வரை இருந்தது. அக்கா கண் மங்கும் காலம்வரை அதே அறையில் அதே கோழியை வளர்த்தாள், இரண்டு வீட்டிலும்.

போலீஸ் கெடுபிடி அடங்கி ராஜையா மலையிலிருந்து திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, யாரோ போல முற்றத்தில் நின்றார். லீலா பயந்து என் பின்னால் ஒளிந்தாள். அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். லீலா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ட ஆயாச்சு" என்றாள்.

ஓடிப்போய் சுளவில் அரிசியைப் பரப்பி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அக்காவைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு கேட்டாள்.

"கூரையில்லாத வீட்டுக் கோழி நேற்று என்ன தின்னிச்சு?"

அவருக்கு அந்த விளையாட்டு தெரியாது. கொஞ்சம் யோசித்து உள்ளதைச் சொன்னார்.

"ஒண்ணும் தின்னல்ல மக்கா."

லீலா அவர் விரலைப் பிடித்து அரிசியில் பதித்து, மெல்ல மெல்லப் பட்டாம்பூச்சி எழுத வைத்தாள். எழுதி முடித்ததும் சுளவோடு தூக்கி அவ்வளவு அரிசியையும் அவர் மடியில் கொட்டினாள். நான் அதை அள்ளிக்கொண்டு போய் உலை வைத்தேன். முதல் பிடியைக் கலயத்தில் போடும்போது சுகிர்தபாய் அக்காவின் பெயரை உரக்கச் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிப் போடுகிறேன்.